கெளம்பு, வெளக்கு, வெளயாட்டு

போன ஆவணியில் பாளையங்கோட்டையில் ஒரு மறுவீட்டுச் சாப்பாடு. பந்தியில் சொதி ஊற்றிக்கொண்டு போகிறார்கள். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த தம்பி தென்காசிப் பக்கம் மென்பொருள் வேலை பார்க்கிறவன், கெட்டிக்காரன். நான் பராமரித்து வரும் பழைய நிரலைப் பற்றி நன்றாகத் தெரிந்தவன். இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டே சொன்னான்: “அண்ணே, அத மூடிருங்களேன். இன்னும் எதுக்கு ராத்திரி ராத்திரி முழிச்சுக்கிட்டு கெடக்கீங்க? நல்லபடியா முடிச்சு வைக்கிறதும் ஒரு மரியாதைதானே.” குத்தலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னான். “பாப்போம்பா” என்று மட்டும் சொன்னேன். கை கழுவி, வெற்றிலை வாங்கி, வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. மாதங்கள் ஆகிவிட்டன, இன்னும் உள்ளேயே கிடக்கிறது. அவன் சொன்னதில் பாதி சரி என்பதால்தான் பதில் சொல்ல இவ்வளவு நாளாகிறது.

நிரல் இதுதான்: பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றித் தருவது. டிஸ்கி, டாம், டாப், பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று வரிசையாகச் சொன்னால் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் காலம் கண்முன் வரும். ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் சேர்ந்தால் பாமினியில் ‘தமிழ்’. எழுத்துரு இல்லாத கணினியில் அதைத் திறந்தால் அந்த நான்கு எழுத்தும் அரைப்புள்ளியும்தான் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி ஒரு விசைப்பலகையும் டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளும் அரசின் தரமாக அறிவிக்கப்பட்டன. ஆனாலும் அச்சகத்துக்கு ஒரு எழுத்துரு, டிடிபி கடைக்கு ஒரு எழுத்துரு என்றுதான் ஊர் ஓடியது. 2010இல் யூனிகோடு அரசின் தரமாகும்போது பல வருட எழுத்து இந்தப் பழைய குறியீடுகளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதை வெளியே எடுக்க வழி செய்தவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். தேனீ எழுத்துருவும் மாற்றிகளும் செய்து இலவசமாகக் கொடுத்த அதிராம்பட்டினம் உமர் தம்பி 2006இல் காலமானார். அவரைப் போலப் பெயர் தெரிந்தவர்கள் கொஞ்சம், தெரியாதவர்கள் நிறைய.

எங்கள் மாற்றியை 2004இல் எழுதியவர் சேரன்மகாதேவியில் இருக்கும் ஓர் அண்ணாச்சி. தொலைபேசித் துறையில் வேலை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதி, ஜி.பி.எல். உரிமத்தில் யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியிட்டார். நன்றாக ஓடிய காலத்தில் ஐந்து பேர் அதில் வேலை செய்தோம். ஒருவர் சிங்கப்பூர் போனார், ஒருவருக்குப் பிள்ளைகள் வளர்ந்தார்கள், ஒருவர் காரணம் சொல்லாமலே நின்றுவிட்டார். யார்மேலும் எனக்கு வருத்தம் கிடையாது. 2019இல் அண்ணாச்சிக்குக் கண்ணில் பிரஷர் வந்து திரையைப் பார்க்க முடியாமல் போனது. அதிலிருந்து நான் ஒருவன்தான்.

மாறாத ஒன்றுக்கு எதற்குப் பராமரிப்பு

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள், நியாயமான கேள்வி. பாமினி இனி மாறப்போவதில்லை. டிஸ்கியில் புதிதாக ஓர் எழுத்து வரப்போவதில்லை. ஒரு தடவை சரியாக எழுதிவிட்டால் அப்படியே கிடக்க வேண்டியதுதானே? கிடக்காது. அடியில் இருக்கும் தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. அண்ணாச்சி எழுதியது பைத்தான் 2. அதற்கு 2020 ஜனவரி 1 அன்றோடு ஆதரவு முடிந்தது. பைத்தான் 3 வந்தது 2008இல். இடையில் பதினோரு வருடம் இருந்தும் நாங்கள் மாற்றவில்லை. வேறு வகை நிரலாக இருந்தால் இது சில நாள் வேலை. எங்களுடையதற்கு அப்படி இல்லை. பைத்தான் 2இல் சாதாரணச் சரம் (எழுத்துத் தொடர்) என்றால் வெறும் பைட்டுகள், அதாவது எண்கள், பைத்தான் 3இல் அது யூனிகோடு எழுத்துகள். பழைய குறியீட்டிலிருந்து யூனிகோடுக்குப் போவதையே தொழிலாகக் கொண்ட நிரலில், ஒவ்வொரு வரியும் அந்த வித்தியாசத்தின் மேல்தான் நின்றது. 2019 கடைசி மூன்று மாதம் ராத்திரிகளில் உட்கார்ந்து மாற்றினேன். ஓடியது. பதிப்பை வெளியிட்டேன். சரியாகச் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

தம்பி சொன்னதில் சரியான பாதி இங்கேதான் வருகிறது. உயிரோடு இருப்பதாகக் காட்டிக்கொண்டு கவனிக்க ஆளில்லாமல் கிடக்கும் நிரல், மூடிய நிரலைவிட ஆபத்து. கடிதம், கணக்கு எழுத உதவும் இலவச மென்பொருளான ஓப்பன் ஆஃபிஸுக்கு நடந்தது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். 2010இல் நிரலாளர்களில் பெரும்பகுதி பிரிந்து லிப்ரே ஆஃபிஸ் தொடங்கினார்கள். மறுவருடம் ஆரக்கிள் நிறுவனம் ஓப்பன் ஆஃபிஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்தது. 2016இல் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடவே ஆள் போதவில்லை, மூடிவிடலாமா என்ற பேச்சு உள்ளுக்குள்ளேயே எழுந்தது. மூடவில்லை. பழைய பெயரை நம்பி அதை இறக்கிக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எங்கள் நிரல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனாலும் நம்பி எடுத்துப் போகிறவருக்குத் தவறாக வேலை செய்யும் ஒன்றைக் கொடுப்பது எந்த அளவிலும் தப்புதான். நான் அந்தத் தப்பை நான்கு வருடம் செய்திருக்கிறேன்.

வெள்ளத்தில் வந்த வட்டு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்தது. மீனாட்சிபுரத்தில் கடை வைத்திருந்த அக்கா ஒருவர் எனக்கு அதுவரை பழக்கமில்லை. இருபத்தைந்து வருடமாக டிடிபி வேலை: கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளிக்கூட மலர், ஊர்க் கவிஞர்களின் புத்தகம். தண்ணீர் இடுப்பளவு ஏறியதில் இரண்டு கணினியும் அச்சு இயந்திரமும் போய்விட்டன. பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பழைய வன்வட்டு ஒன்று பிழைத்தது. யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். பொங்கல் கழிந்து, அந்த டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். “தம்பி, இதுல ஒரு வாத்தியாரு எழுதுன புஸ்தகம் இருக்கு. அவரும் இல்ல, அச்சடிச்ச பிரதியும் தண்ணில போச்சு. அவுக மக கேக்காக. எடுக்க முடியுமான்னு பாருங்க.”

பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பு, பாமினி எழுத்துரு. உரையை மட்டும் உருவி எடுத்து மாற்றியில் போட்டேன். அந்த ஆசிரியர் 1992 நவம்பர் வெள்ளத்தைப் பற்றி எழுதியிருந்தார். ஆற்றங்கரைத் தெருவில் அன்று ராத்திரி என்ன நடந்தது, யார் யாரை எப்படித் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள் என்று நம்ம பேச்சிலேயே எழுதிய நாற்பது பக்கம். திரையில் முதல் வரி வந்தது. அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். “என்ன தம்பி, வெள்ளம்னே வரலியே?” வௌ்ளம் என்று வந்திருந்தது. அடுத்த வரியில் ‘வெளியே’ என்று இருக்க வேண்டிய இடத்தில் வௌியே. கீழே தௌிவாக. பக்கம் முழுவதும் அப்படி. வெள்ளத்தைப் பற்றிய நாற்பது பக்கத்தில் ஒரு வெள்ளம்கூட ஒழுங்காக இல்லை.

இது ஔகாரச் சிக்கல். தமிழில் ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டும் ள என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே தட்டச்சு செய்வார்கள்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு வ, பிறகு ள. அது ‘வௌ’வா, ‘வெள’வா என்று கோப்பில் எந்த அடையாளமும் இருக்காது. மனிதர் வாசித்தால் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. அண்ணாச்சி இதற்கு ஒரு விதி வைத்திருந்தார். ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ இகரக் கொக்கியோ காலோ வந்தால் அது ளகரமேதான், ஔகாரம் ஆகாது. இந்த ஒரு விதியால் வெள்ளம், வெளி, தெளிவு எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அந்த விதி இன்னொரு விதிக்கு முன்னால் ஓட வேண்டும். பைத்தான் 3க்கு மாற்றியபோது நான் இரண்டையும் முன்பின்னாகப் போட்டுவிட்டேன். பிழை என்று எதுவும் சொல்லாமல் நிரல் நான்கு வருடம் ஓடியிருக்கிறது. அந்த நான்கு வருடத்தில் எத்தனை பேர் எதை மாற்றிக்கொண்டு போனார்களோ. இணையத்தில் ‘வௌியீடு’ என்று எங்காவது பார்த்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

மறுநாள் சேரன்மகாதேவிக்கு வண்டியை விட்டேன். அண்ணாச்சி திண்ணையில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் திட்டவில்லை. “ஏடே, அந்த நோட்ட ஒனக்குத் தரலியோ நான்?” என்றார். எந்த நோட்டு? உள்ளே போய் மதினி எடுத்து வந்தார்கள். நீல அட்டை போட்ட 80 பக்க நோட்டு. ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடுவதற்கு முன்னால் அண்ணாச்சி கையால் ஓட்டிப் பார்க்கும் 63 வாக்கியங்கள் அதில் இருந்தன. முதல் வாக்கியம்: ‘வெள்ளி வெளிச்சத்தில் வௌவால் பறந்தது.’ அந்த ஒரு வாக்கியத்தை ஓட்டியிருந்தால் 2019இலேயே எனக்குத் தெரிந்திருக்கும். நிரலின் ஒவ்வொரு வரியும் பதினைந்து வருடமாக எல்லாருக்கும் திறந்துதான் கிடந்தது. சரிபார்க்கிற வழி மட்டும் ஒரு பீரோவுக்குள் இருந்தது. ஒளித்து வைக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பழைய நிரல் சாவது பெரும்பாலும் இப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன். யாரும் கொல்வதில்லை. தெரிந்தவரின் கையிலிருந்து அடுத்த கைக்கு ஏதோ ஒன்று வராமல் போகிறது, அது வரவில்லை என்பதே இருவருக்கும் தெரிவதில்லை.

திண்ணையில் இருந்தபடி அண்ணாச்சி அவருடைய அப்பா காலத்துக் கதையைச் சொன்னார். கார் பூவுக்கு, அதாவது கார் போக நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் கால்வாயில் அவரவர் வயலுக்கு எதிரே இருக்கும் பகுதியை அவரவர் வெட்டித் தூர்வார வேண்டும். வராத வீட்டுக்காரர் கூலி ஆளாவது அனுப்ப வேண்டும். “அதுல ஒரு காரியம் உண்டுடே. மம்பட்டி பிடிக்கத் தெரியாத சின்னப் பயலுவளையும் கூட்டிட்டுப் போவாவ. வேலைக்கு இல்ல. மடை எங்க ஒழுகுது, எந்தக் கல்லு ஆடுதுன்னு பாத்து வச்சுக்கிட.” வேறெதையோ சொல்வது போலத்தான் சொன்னார்.

சாவி

அந்த வாரமே 63 வாக்கியங்களையும் நிரலுக்குள் சோதனைகளாக ஏற்றினேன். இப்போது எதை மாற்றினாலும் அவை தானாக ஓடும், ஒன்று தவறினாலும் பதிப்பு வெளியே போகாது. அதை முடித்து மூச்சு விட்ட நேரத்தில் ஒரு முகம் தெரியாத நண்பர் மூன்று திருத்தங்கள் அனுப்பினார். சுத்தமான வேலை. நான்காவது வாரம், பதிப்பு வெளியிடும் உரிமையைத் தனக்குத் தந்தால் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறேன் என்றார். எனக்கு அழுகை வராத குறை. ஐந்து வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள். சம்மதம் என்று எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

2024 மார்ச் கடைசியில் எக்ஸ்இசட் செய்தி வந்தது. கோப்புகளைச் சுருக்கும் சின்ன நிரல், லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருப்பது. லாசே காலின் என்பவர் பல வருடமாகக் கிட்டத்தட்டத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இது சம்பளமில்லாத வேலை, தனக்கு மனநலச் சிக்கல்களும் இருக்கின்றன என்று 2022இலேயே வெளிப்படையாக எழுதியவர். ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சிலர் அவரை நெருக்கினார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, பொறுப்பையும் வாங்கினார். அப்புறம் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வழி ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், வெளியிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்ததால்தான் அது வெளியே தெரிந்தது. 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தபோதும் இதே கதைதான். உலகத்தின் எத்தனையோ இணையத்தளங்கள் தகவலைப் பூட்டி அனுப்ப நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலுக்கு முழுநேர ஆள் ஒருவர், வருடத்துக்கு வந்துகொண்டிருந்த நன்கொடை 2000 டாலர் அளவில். ஆள் இல்லை என்பது மட்டும் இதில் ஆபத்து இல்லை. ஆள் இல்லாமல் களைத்துப் போனவன் யார் கையை நீட்டினாலும் பிடித்துக்கொள்வான், அதுதான் ஆபத்து. காலின் அந்த ராத்திரிகளில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நான் எழுதி வைத்ததை அனுப்பவில்லை. அந்த நண்பர் நல்லவராகவே இருந்திருக்கலாம். எங்கள் மாதிரிச் சின்ன நிரலில் கள்ள வழி வைத்து யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது. ஆனாலும் முகம் பார்த்துப் பேசலாமா என்று கேட்டேன், பதில் வரவில்லை. ஒரு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டுவிட்டேனோ என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது. எக்ஸ்இசட்டில் கெட்டது ஒரு நிரலின் இரண்டு பதிப்புகள் மட்டுமில்லை. உதவ வருகிறவரை வாங்க என்று சொல்லும் வாயும் கொஞ்சம் அடைத்துப்போனது.

214 வரிகள்

அப்போதுதான் அக்காவைப் பற்றி யோசித்தேன். யோசிக்க இவ்வளவு நாளானதே என்றுதான் வருத்தம். எங்கள் நிரலில் நிரல் என்று சொல்லத்தக்கது கொஞ்சம்தான். அதன் உயிர் ஒரு பட்டியலில் இருக்கிறது. அண்ணாச்சியின் விதி வெள்ளத்தையும் வெளியையும் காப்பாற்றும். ளகரம் எந்தக் குறியும் இல்லாமல் வெறுமனே நிற்கும் சொற்களில் அது செல்லாது. கௌரவம், மௌனம், பௌர்ணமி ஒரு பக்கம், கெளம்பு, வெளக்கு, வெளயாட்டு, வெளங்காதவன் இன்னொரு பக்கம். ஏட்டுத் தமிழில் இந்த இரண்டாவது வகை அநேகமாகக் கிடையாது. பேச்சுத் தமிழில் எழுதினால் வரிக்கு வரி வரும். இந்தப் பக்கத்தில் பேச்சில் எழுதியவர்கள் எத்தனை பேர்! அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக, கண்ணில் பட்டபோதெல்லாம் ஐந்து பேரும் சேர்த்து வைத்த பட்டியல் அது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் சேர்த்தவரின் முதலெழுத்தும் வருடமும் இருக்கும்.

அதைப் பார்த்துக்கொள்ள நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இருபத்தைந்து வருடம் இந்த ஊர்ப் பேச்சைத் தட்டச்சு செய்த விரல்கள் போதும். அக்காவிடம் கேட்டேன். “எனக்கு இங்கிலீசு வராதே தம்பி” என்றார். பட்டியலில் இங்கிலீஷே இல்லை என்று திறந்து காட்டினேன். வாசித்துக்கொண்டே போனவர் பத்தாவது வரியில் நிறுத்தி, “பெளந்து இல்லையே? வெறகு பெளந்துபோட்டான்னு எழுத மாட்டாங்களா?” என்றார். இருபது வருடமாக எங்கள் யாருக்கும் தோன்றாத சொல். கோப்பைத் திருத்தி, சோதனையை ஓட்டி, பச்சை வந்தால் சேமிக்கிற வழியை இரண்டு சனிக்கிழமைகளில் கற்றுக்கொண்டார். இப்போது 214 வரிகள். அதில் 31க்குப் பக்கத்தில் அவருடைய முதலெழுத்து. வெளியிடும் சாவி இப்போது இரண்டு பேரிடம் இருக்கிறது. அதில் ஒருவர் நிரலாளர் இல்லை.

தம்பி பந்தியில் இன்னொன்றும் சொன்னான்: ஏ.ஐ.யிடம் கொடுத்தால் இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் மாற்றித் தருமே. கொடுத்துப் பார்த்தேன், வாத்தியாரின் ஒரு பக்கத்தை. வெள்ளம் எல்லாம் அழகாக வந்தது. ‘கெளம்பு’ கிளம்பு ஆகியிருந்தது, ‘வெளக்கு’ விளக்கு ஆகியிருந்தது. கேட்காமலே திருத்திக் கொடுத்துவிட்டது. வாசிக்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அந்த மனிதர் அப்படி எழுதவில்லை. அவர் மகள் கேட்டது அப்பா எழுதியதை. நாளைக்கு இதைவிட நன்றாகச் செய்யும் ஏதோ ஒன்று வரலாம், வரட்டும். அன்றைக்கும் அந்த 214 வரிகள் அதற்குத் தேவைப்படும்.

அவன் சொன்ன சரியான பாதியை எடுத்துக்கொண்டேன். சாளரம், பொத்தான், படம் என்று இருந்த முகப்பு முழுவதையும் போன மாதம் நீக்கிவிட்டேன். ஒவ்வொரு இயங்குதளம் மாறும்போதும் என் ராத்திரிகளைத் தின்றது அதுதான். இனி எங்கள் பொறுப்பு குறியீட்டு அட்டவணைகள், விதிகள், பட்டியல், சோதனைகள். யார் வேண்டுமானாலும் அதன்மேல் முகப்பு கட்டிக்கொள்ளலாம். எதைச் செய்வோம், எதைச் செய்ய மாட்டோம், எத்தனை பேர் இருக்கிறோம் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். “இருவர்” என்று எழுதும்போது சந்தோஷமாக இருந்தது.

தீராதது ஒன்று இருக்கிறது. கெளவி. நம்ம பேச்சில் கிழவி. கௌவி என்றால் கவ்வி. கோப்பில் இரண்டும் ஒன்றே. பட்டியலில் எந்தப் பக்கம் சேர்த்தாலும் இன்னொன்று கெடும். அதனால் அந்த வரிக்கு எதிரே அண்ணாச்சி 2007இல் “ஆள் பார்க்கணும்” என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சொல் வந்தால் நிரல் நின்று கேட்கும்.

போன சனிக்கிழமை வாத்தியாரின் நாற்பது பக்கத்தையும் அக்கா மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். பதினேழாம் பக்கத்தில் நின்றது. கட்டிலோட தூக்கிக்கொண்டு போன ராத்திரி. திரையில் இரண்டு சொல்லையும் காட்டிக் காத்துக்கொண்டிருந்தது. அக்கா வரியை மெதுவாக வாய்விட்டு வாசித்தார். “கெளவிதான் தம்பி. அவுக ஆச்சிய சொல்லுதாரு” என்று இரண்டாவதை அழுத்திவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனார்.